ஒரு சந்தின் நிசப்தம்

1

நிசப்தத்தை இயற்கையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தே நாம் பழகிவிட்டோம். சப்தம் மனிதன் செய்வது. அவன் கையை எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது நிசப்தம் என்று ஒரு நம்பிக்கை. ஆகவே அது யாருக்கும் கடன்படாதது, குற்றமற்றது. கவிதை எழுதுகிறவர்களிடம் இந்த நம்பிக்கைக்குச் செல்வாக்கு இன்னும் அதிகம். தனிமை, வெறிச்சிட்ட தெரு, மாலை வெயில் படிந்த சுவர் இவையெல்லாம் கவிதைக்குள் வந்து உட்காரும்போது, நீ எங்கிருந்து வருகிறாய் என்று அவற்றை யாரும் கேட்பதில்லை.

கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்பதற்குத் தோதான இடம் லண்டனில் இருக்கிறது. அந்நகரத்தின் மேற்குப் பகுதியில், மேஃபேர், மெரில்போன், பெல்கிரேவியா, கென்ஸிங்டன் போன்ற இடங்களில், பெரிய வீடுகளின் முதுகுக்குப் பின்னால் ‘மியூஸ்’ என்று வழங்கும் சிறு தெருக்கள் உண்டு. ஒரு வளைவின் கீழ் நுழைந்து சில அடிகள் நடந்தால் நகரத்தின் இரைச்சல் பின்தங்கிவிடும். கல் பாவிய தரை. இருபுறமும் கீழே ஒரு கட்டு, மேலே ஒரு கட்டு என்று குள்ளமான வீடுகள். வீட்டின் அளவுக்குப் பொருந்தாத அகலத்தில் மரக்கதவுகள். தொட்டிகளில் செடிகொடிகள். பல மியூஸ்கள் முட்டுச்சந்துகள். அங்கே வேலை இல்லாதவன் அந்த வழியாகப் போக வேண்டிய அவசியம் கிடையாது. நகரத்தின் நடுவில் அமைதி எப்படி இருக்கும் என்று கேட்டால் கையைக் காட்டிவிடலாம்.

ஆனால் இந்த அமைதி தானாக வந்து படிந்ததல்ல. வரைபடத்தில் கோடு போட்டுக் கட்டியது. கட்டியதென்றால் அதற்குக் காரணமும் கணக்கும் உண்டு. ஆகவே இதை விசாரிக்க முடியும்.

முதலில் பெயர். பதினான்காம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்து அரசர்களின் வேட்டை ராஜாளிகள் சேரிங் க்ராஸில் ஒரு கட்டிடத்தில் வளர்க்கப்பட்டன. பறவை இறகு உதிர்க்கும் பருவத்தில் அதை அடைத்துவைத்துப் பராமரிக்கும் இடம். இறகு உதிர்ப்பதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது மியூஸ் என்ற பெயர். அதன் லத்தீன் வேருக்கு மாறுதல் என்று அர்த்தம். 1534-இல் அந்தக் கட்டிடம் தீக்கிரையாயிற்று. திரும்பக் கட்டியபோது அங்கே குடிவந்தவை குதிரைகள். பறவை போய்க் குதிரை வந்தபோதும் பெயர் போகவில்லை. அந்த மண்ணின் மேல் இன்று நிற்பவை தேசிய ஓவியக்கூடமும் டிரஃபால்கர் சதுக்கமும். அரச லாயத்தின் பெயர் நாளடைவில் பிரபுக்களின் லாயங்களுக்கும், பிறகு வண்டி வைத்திருந்த எல்லாருடைய லாயங்களுக்கும் இறங்கி வந்தது.

பறக்க இயலாத பருவத்தில் பறவைக்கு நல்ல இரை போட்டு, குளிர் படாமல், இருட்டில் வைத்திருப்பார்கள். இதில் பரிவு எங்கே முடிகிறது, சிறை எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே காரியம். மியூஸ் தெருவின் சரித்திரம் முழுவதும் இந்தப் பிரிக்க முடியாமைதான்.

2

பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் லண்டனின் மேற்கு விரிந்தபோது பின்பற்றிய மனை அமைப்பு எளிமையானது. முன்னால் நாலைந்து அடுக்கு வீடு, நடுவில் சிறு தோட்டமோ முற்றமோ, பின்னால் லாயம். லாயத்தின் வாசல் வீட்டைப் பார்த்து இராது. எதிர்ப்பக்கம், மியூஸ் தெருவில் திறக்கும். ஒரே மனைக்கு இரண்டு தெரு. முன்தெருவில் எஜமானன் இறங்குவான். பின்தெருவில் வைக்கோல் இறங்கும். லாயத்தின் கீழ்க்கட்டில் குதிரைகளும் வண்டியும். மேல்கட்டில் வைக்கோல் பரணும், வண்டிக்காரன், குதிரைக்காரன் குடும்பங்களும். குதிரையின் சூடும் மூத்திர நெடியும் தரைப்பலகையின் இடுக்குகள் வழியாக மேலே வரும். பெரிய வீட்டைப் பார்த்த பின்சுவரில் ஜன்னல் வைக்காமல் விடுவது வழக்கம். எஜமானி தோட்டத்தில் உலாவும்போது வண்டிக்காரன் பிள்ளைகளின் கண் அவள்மேல் விழக்கூடாது.

ராபர்ட் கெர் என்ற கட்டிடக் கலைஞர் 1864-இல் கனவான்களின் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பெரிய நூல் வெளியிட்டார். குடும்பத்தாரும் வேலைக்காரர்களும் ஒருவர் கண்ணில் மற்றவர் படாமலும், ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழாமலும் இருக்கும்படி வீட்டைத் திட்டமிட வேண்டும் என்பது அதன் ஆதார விதிகளில் ஒன்று. கவனிக்க வேண்டியது, இதை அவர் கொடுமையாக நினைத்துச் சொல்லவில்லை. இரு தரப்புக்கும் தனிமையில் உரிமை உண்டு என்பது அவர் நியாயம். கேட்பதற்கு நாகரிகமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தரப்பின் தனிமை மணியடித்தால் கலையக்கூடியது. மற்றதன் தனிமையைக் கலைக்க மணி கிடையாது. சமமில்லாத இருவருக்கு ஒரே சுவரைப் பொதுவாகக் கொடுத்துவிட்டு, அதைச் சமத்துவம் என்று சொல்லும் தர்க்கம் இது.

அந்தக் காலத்தில் நிசப்தம் இருந்தது முன்தெருவில். மியூஸில் இருந்தது சப்தம். விடியுமுன் குதிரையைத் தேய்த்துவிடும் சப்தம், கல்தரையில் லாடத்தின் சப்தம், லத்தி அள்ளும் மண்வெட்டி, சேணத்தின் மணி, குடி, சண்டை, அழும் குழந்தை. லட்சக்கணக்கான குதிரைகள் இருந்த நகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன். அவ்வளவு குதிரைகளின் சப்தத்தையும் அழுக்கையும் முன்தெருவிலிருந்து எடுத்துப் பின்தெருவில் வைத்ததன் பலன், வரவேற்பறையில் கடிகாரத்தின் ஓசை கேட்டது. சப்தம் குறையவில்லை; இடம் மாறியது. நிசப்தம் என்று நாம் அனுபவிப்பது பல சமயங்களில் இந்த இடமாற்றத்தைத்தான்.

சார்லஸ் பூத் 1889 முதல் வெளியிட்ட வறுமை வரைபடங்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தெருத்தெருவாக வர்ணம் தீட்டியிருக்கிறார். செல்வந்தர் தெருவுக்கு மஞ்சள், வசதியான நடுத்தரத்துக்குச் சிவப்பு, வறுமைக்கு நீலம், அடிமட்டத்துக்குக் கறுப்பு. மேற்கு லண்டனின் அகன்ற மஞ்சள் பட்டைகளின் முதுகில் வேறு நிறத்தில் மெல்லிய கோடுகள் ஓடுகின்றன. அவை மியூஸ்கள். ஒரு மனையின் இரண்டு முனைகளுக்கு இரண்டு வர்ணம்.

இந்த இடத்தில் ஃபாரடேயைச் சாட்சிக்கு அழைக்கிறவர்கள் உண்டு. மைக்கேல் ஃபாரடேயின் தந்தை கொல்லர். பையனுக்கு ஐந்து வயதிருக்கும்போது அந்தக் குடும்பம் மான்செஸ்டர் சதுக்கத்துக்கு அருகே ஜேகப்ஸ் வெல் மியூஸில் ஒரு வண்டிக்கொட்டகையின் மேல் குடியேறியது. பக்கத்துத் தெருவில் புத்தகம் கட்டுகிறவரிடம் வேலைக்குப் போய், கட்ட வந்த புத்தகங்களைப் படித்துத்தான் ஃபாரடே விஞ்ஞானத்துக்குள் நுழைந்தார். பார், பின்கட்டிலிருந்தும் மேதை வருகிறான் என்பார்கள். ஒருவன் ஏறித் தாண்டியதைக் காட்டி, சுவர் உயரம் குறைவுதான் என்று நிரூபிக்கும் இந்த முறையில் எனக்குச் சம்மதமில்லை.

3

மியூஸ் அமைப்பு தன்னை முழுக்கக் காட்டிக்கொண்ட ஒரு தருணம் சரித்திரத்தில் உண்டு. 1819 ஆகஸ்ட் 16 அன்று, பாராளுமன்றச் சீர்திருத்தம் கேட்டு மான்செஸ்டரில் கூடிய பெரும் ஜனக்கூட்டத்தின் மேல் குதிரைப்படை பாய்ந்தது. பீட்டர்லூ என்று பெயர் பெற்ற படுகொலை. அரசாங்கம் கண்ட பரிகாரம், டிசம்பரில் ஆறு சட்டங்கள். பொதுக்காரியம் பேச ஐம்பது பேருக்கு மேல் அனுமதியின்றிக் கூடக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. மைதானத்தை மூடினால் பேச்சு எங்கே போகும்? பின்கட்டுக்குப் போகும்.

1820 பிப்ரவரி 23 மாலை, எட்ஜ்வேர் ரோட்டுக்குச் சமீபத்தில் கேட்டோ தெருவில் ஒரு லாயத்தின் வைக்கோல் பரணில் சுமார் இருபத்தைந்து பேர் கூடினார்கள். பெயரில் மியூஸ் இல்லாவிட்டாலும், வளைவின் கீழ் நுழைய வேண்டிய, லாயங்கள் நிறைந்த அந்தக் குறுகிய தெரு வகையால் மியூஸ்தான். கூட்டத்தின் தலைவர் ஆர்தர் திஸில்வுட், முன்னாள் மிலிஷியா அதிகாரி. உடனிருந்தவர்களில் ஒரு கசாப்புக்காரர், செருப்புத் தைப்பவர்கள் சிலர், ஜமைக்காவில் பிறந்த வில்லியம் டேவிட்ஸன் என்ற கறுப்பினத் தாயின் மகனான மரவேலைக்காரர். க்ராஸ்வெனர் சதுக்கத்தில் ஹாரோபி பிரபுவின் வீட்டில் மந்திரிசபை முழுவதும் விருந்துக்குக் கூடுகிறது. உள்ளே புகுந்து அத்தனை பேரையும் கொல்வது திட்டம். இரண்டு மந்திரிகளின் தலைகளைக் கொண்டுவர ஒருவர் பைகள் வைத்திருந்தார். இவர்களைப் புனிதர்களாக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

அப்படி ஒரு விருந்தே கிடையாது. பத்திரிகையில் வந்த விருந்துச் செய்தி பொய். அதைக் காட்டி நாள் குறிக்கத் தூண்டிய ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்பவர் கூட்டத்தில் ஒருவர். அரசாங்கத்தின் உளவாளியும் அவரே. எதிரே ‘குதிரையும் குதிரைக்காரனும்’ என்ற மதுக்கடையில் போலீஸ் அதிகாரிகள் காத்திருந்தார்கள். ஏணி வழியாகப் பரணுக்கு ஏறிய ஸ்மிதர்ஸ் என்பவரைத் திஸில்வுட்டின் வாள் கொன்றது. விளக்குகள் அணைந்தன. இருட்டில் சிலர் தப்பி, பின்னர் பிடிபட்டார்கள். மே 1 அன்று நியூகேட் சிறைக்கு முன்னால் ஜனத்திரளின் மத்தியில் ஐந்து பேரைத் தூக்கிலிட்டு, பிறகு தலைகளை வெட்டினார்கள். இன்னும் ஐந்து பேரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். எட்வர்ட்ஸ் சாட்சிக்கூண்டுக்கு வரவே இல்லை.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது சதியின் வெற்றி தோல்வி அல்ல. அந்தத் தெருவின் நிசப்தம் யார் யாருக்குப் பயன்பட்டது என்பது. சதிக்காரர்களுக்கு அது மறைவிடம். போலீஸுக்கு அது பொறி. க்ராஸ்வெனர் சதுக்கத்துக்கு அது, தன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று நகரத்தின் முதுகில் ஒதுக்கிய இடம். பார்க்க வேண்டாம் என்று சுவர் எழுப்பியவர்களுக்கு, சுவருக்கு அப்பால் நடப்பதைப் பார்க்கக் கூலிக்கு ஒரு கண் தேவைப்பட்டது. ஜன்னல் வைத்திருந்தால் உளவாளி வேண்டியிருந்திருக்காது என்று சொன்னால் மிகையாக இருக்கலாம். ஆனால் ஜன்னலில்லாத சுவரும் உளவாளியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

4

பிறகு அந்தத் தெருவின் பெயரை மாற்றினார்கள். அவமானம் பிடித்த பெயர் அல்லவா? கேட்டோ தெரு ஹொரேஸ் தெரு ஆயிற்று. 1937-இல்தான் பழைய பெயர் திரும்பியது. தெருவின் ஒரு முனை இன்று திறப்பது ஹாரோபி தெருவில். விருந்தளிக்காத பிரபுவின் பெயர் வாசலில் நிற்கிறது.

கேட்டோவுக்குப் பதில் ஹொரேஸ். எழுதுகிறவர்கள் இந்த மாற்றத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போக வேண்டும். கேட்டோ, சீஸரின் தயவில் உயிர் வாழ மறுத்து, கி.மு. 46-இல் யூட்டிகா நகரில் தன்னையே குத்திக்கொண்டவன். ஹொரேஸும் இளம் வயதில் குடியரசின் பக்கம் நின்றவன், கி.மு. 42-இல் பிலிப்பியில் ப்ரூட்டஸின் படையில் இருந்து தோற்றவன். மன்னிப்புப் பெற்று ரோமுக்குத் திரும்பினான், கவிதை எழுதினான். அகஸ்டஸின் நண்பர் மைஸீனஸின் ஆதரவில் ஸபைன் மலைகளில் ஒரு பண்ணை கிடைத்தது. ஊற்று, நிழல், சிறிது நிலம், ரோமின் இரைச்சல் எட்டாத தூரம். மேற்கத்திய இலக்கியத்தில் கவிஞனின் அமைதியான இடம் என்ற படிமத்துக்கு ஆதி மூலங்களில் ஒன்று அந்தப் பண்ணை. கலகக்காரனின் பெயரை எடுத்துவிட்டு அமைதிக் கவிஞனின் பெயரை மாட்டிய அந்தச் செயலில் ஒரு இலக்கிய விமர்சனமே இருக்கிறது. இலக்கியம் என்றால் இதைப் போல இருக்கட்டும் என்கிற விமர்சனம்.

இந்த எதிர்நிலையை அப்படியே ஏற்றுக்கொண்டு கேட்டோவின் பக்கம் சாய்ந்துவிடுவது சுலபம். சரித்திரம் அந்தச் சௌகரியத்தைத் தரவில்லை. கேட்டோவின் கடைசி இரவைப் பற்றி ப்ளூட்டார்க் சொல்கிறார்: தன் வாளைக் கொண்டுவரத் தாமதமானதால் கோபம் கொண்டு ஒரு அடிமையின் வாயில் குத்தியதில் அவனுடைய கையே காயமுற்றது. சுதந்திரத்துக்காகச் சாகப் போகிறவனின் கடைசி அடி ஒரு அடிமையின் வாயில் விழுகிறது. கேட்டோவின் மகத்துவத்துக்கும் ஒரு பின்கட்டு உண்டு.

ஹொரேஸுக்கு? அவனுடைய தந்தை விடுதலை பெற்ற அடிமை. அவனுடைய ஸபைன் பண்ணையில் அடிமைகள் எட்டுப் பேர். எண்ணிக்கை நமக்குத் தெரியக் காரணம் ஹொரேஸே அதை எழுதி வைத்ததுதான். அங்கதக் கவிதைகளின் இரண்டாம் தொகுதியில் ஏழாவது கவிதையில், டிசம்பர் மாதத்துச் சாட்டர்னேலியாப் பண்டிகை நாளில், அடிமைகளுக்குக் கிடைக்கும் பேச்சுச் சுதந்திரத்தைப் பயன்படுத்திக்கொண்டு டேவஸ் என்ற அடிமை எஜமானனான கவிஞனை நார்நாராகக் கிழிக்கிறான். நீ நகரத்தில் இருந்தால் கிராமத்துக்கு ஏங்குகிறாய், கிராமத்தில் இருந்தால் நகரத்துக்கு. உன் ஆசைகளுக்கு நீ அடிமை. நம் இருவரில் யார் சுதந்திரமானவன் என்பது அவன் வாதம். கவிஞனால் பதில் சொல்ல முடியவில்லை. எறியக் கல்லைத் தேடுகிறான். இத்தோடு நிறுத்தாவிட்டால் பண்ணைக்கு ஒன்பதாவது ஆளாக அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுவதோடு கவிதை முடிகிறது.

5

குதிரைகள் போன பிறகு மியூஸ்களுக்கு மோட்டார் வந்தது. லாயம் கராஜ் ஆயிற்று. வண்டிக்காரனின் இடத்தில் டிரைவர். பிறகு டிரைவரும் போனார். வாடகை குறைவு என்பதால் சில கலைஞர்கள் வந்தார்கள். அவர்கள் வந்ததால் அந்த இடங்களுக்கு ஒரு மோஸ்தர் கூடி, அவர்களால் வாங்க முடியாத விலைக்குப் போயின. வண்டிக்காரன் பிள்ளைகள் ஆறேழு பேர் படுத்திருந்த பரண் இன்று பல லட்சம் பவுன் பெறுகிறது. தென் கென்ஸிங்டனில் கைனன்ஸ் மியூஸின் வளைவில் இலையுதிர்காலத்தில் கொடி சிவக்கும்போது படமெடுக்க ஜனங்கள் வந்து நிற்கிறார்கள். கேட்டோ தெரு லாயத்தில் 1977-இல் ஒரு நீல நினைவுப் பலகை பதித்தார்கள். அந்தத் தெரு அமைதியாக இருக்கிறது.

ஒரு காலத்தில் முன்வீட்டின் நிசப்தத்துக்காகச் சப்தத்தைச் சுமந்த இடம் இப்போது நிசப்தத்துக்காகவே விலைபோகிறது. தடித்த பின்சுவர், போக்குவரத்து இல்லாத வழி, ஒதுங்கிய வளைவு: வேலைக்காரனை மறைக்கச் செய்த அதே ஏற்பாடுகள்தாம் இன்றைய அமைதியின் உறுப்புகள். கட்டிடம் மாறவில்லை. அதன் உள்ளே யார் என்பது மாறியிருக்கிறது.

இதன் எதிரில் இரண்டு நிலைகள் சாத்தியம். இரண்டையும் நம் இலக்கியச் சண்டைகளிலும் கேட்டிருக்கிறோம். ஒன்று, அழகு அழகுதான், பிறந்த கதை அதை பாதிக்காது என்பது. தாமரை, சேறு என்ற பழைய உவமையை இவர்கள் கையோடு வைத்திருப்பார்கள். ஆனால் சேறு தாமரைக்காக எதையும் இழப்பதில்லை. வண்டிக்காரன் இழந்தான். அவனுடைய உழைப்பில் பாதி காத்திருப்பது. நாடகமும் விருந்தும் முடியும் வரை மழையிலும் பனியிலும் உட்கார்ந்திருப்பது. எஜமானனின் ஒரு மாலைப்பொழுது அவனுடைய ஒரு மாலைப்பொழுதைத் தின்றுதான் நடந்தது. உவமை இங்கே பொருந்தாது.

இரண்டாவது நிலை இதற்கு மறுதலை. அநீதியில் பிறந்த அமைதி முழுவதும் பொய், அதை ரசிப்பவன் கூட்டாளி என்பது. இதிலுள்ள கோபத்தை மதிக்கிறேன். ஆனால் இதன்படி போனால் கைவைக்க ஒரு கல்லும் மிஞ்சாது. தவிர, இந்தக் குற்ற உணர்ச்சி சீக்கிரமே ஒரு புதுவகை ரசனையாகிவிடுகிறது. சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது சுவரைப் பார்த்து மகிழ்வதைவிட எந்தவிதத்தில் வண்டிக்காரனுக்கு உபகாரம்? அவன் இப்போதும் நம் அனுபவத்துக்குக் கச்சாப்பொருளாகத்தான் இருக்கிறான்.

இரண்டு நிலைகளுக்கும் பொதுவான பிழை, நிசப்தத்தை ஒரு பொருளாக நினைப்பது. ஒருவர் அதைச் சுத்தம் என்கிறார், மற்றவர் அசுத்தம் என்கிறார். என் அபிப்பிராயத்தில் நிசப்தம் ஒரு உறவு. யாரோ பேசாமலிருப்பதற்கும் யாரோ கேட்காமலிருப்பதற்கும் இடையில் உண்டாவது. ஆகவே அதன் முன் கேட்க வேண்டிய தார்மீகக் கேள்வி, இதை நான் அனுபவிக்கலாமா கூடாதா என்பதல்ல. இதற்குள் எத்தனை பேர் என்பது. ஓய்வெடுத்துப் பேசாமலிருப்பவர்கள் எத்தனை, வாய்மூட வைக்கப்பட்டுப் பேசாமலிருப்பவர்கள் எத்தனை, பேசியும் நம் சுவரைத் தாண்டாதவர்கள் எத்தனை. கேள்வி இறந்தகாலத்துக்கு மட்டுமல்ல. மியூஸிலிருந்து போன சப்தம் அழிந்துபோகவில்லை. விடியுமுன் வெகுதூரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, அந்த வீடுகளைத் துடைத்துவிட்டு, வீட்டுக்காரர் எழுவதற்குள் போய்விடுகிறவர்களோடு அது நகரத்தின் விளிம்பில் குடியிருக்கிறது. சுவர் நீளமாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

எழுதுகிறவனுக்கு நிசப்தம் வேண்டும். இதை மறுத்து நான் வேஷம் போடப் போவதில்லை. மேஜையும் மூடிய கதவும் இல்லாமல் எழுதியவர்கள் சிலர் இருக்கலாம், பெரும்பாலோருக்கு முடியாது. அந்தக் கதவுக்கு அப்பால் யாரோ அரிசி களைகிறார்கள், யாரோ குழந்தையை அதட்டாமல் அதட்டுகிறார்கள். அந்த நிசப்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட எழுத்தால் முடியாது. ஹொரேஸாலும் முடியவில்லை. எட்டுப் பேரையும் அவன் விடுவிக்கவில்லை. டேவஸுக்குப் பதில் சொல்லவும் முடியவில்லை. அவன் செய்தது ஒன்றுதான்: டேவஸைப் பேசவிட்டான், தான் மிரட்டியதையும் மறைக்காமல் எழுதினான். கடைசி வார்த்தை மிரட்டலாக இருப்பது அந்தக் கவிதையின் நேர்மை. அங்கே ஒரு சமாதானத்தை வைத்திருந்தால் நமக்கு அழகான கவிதை ஒன்று கிடைத்திருக்கும், எண்ணிக்கை கிடைத்திருக்காது.

கேட்டோ தெருவுக்கு அவனுடைய பெயரைச் சூட்டியவர்கள் அந்தக் கவிதையை நினைத்துச் சூட்டியிருக்க மாட்டார்கள். பண்ணையையும் ஊற்றையும் நினைத்திருப்பார்கள். ஆனாலும் ஒரு லாயச் சந்துக்கு அந்தப் பெயர் அவர்கள் நினைத்ததைவிடப் பொருத்தமானது. ஒன்பதாவது ஆள் அங்கேதான் குடியிருந்தான்.